உரைகல்லும் மகிழடியும்

1

வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. வாங்க வந்தவன் ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறான். முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்க்கிறான். தூக்கிப் பார்த்து எடையை மனசிலேயே போட்டுக்கொள்கிறான். விற்றவர்களில் சிலர் பத்து மணிக்கு மேல் எங்கள் வங்கிக்கு வருகிறார்கள், அடகு வைத்த நகையை மீட்க. வேறு சிலர் வைக்க வருகிறார்கள். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டு, கோடு நிற்கிறதா கரைகிறதா என்று பார்க்கிறார். நான் பணம் கொடுக்குமுன் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். சந்தேகப்படுவதற்கு ஒவ்வொரு தொழிலிலும் ஒரு முறை இருக்கிறது. அதனால் யாருக்கும் அவமானம் இல்லை. நகையை உரைத்துப் பார்த்துவிட்டார்கள் என்று இதுவரை யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை.

ஒருவரைக் கலியாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன் எழுகிற சந்தேகத்துக்கு இப்படி ஒரு முறை உண்டா என்பதுதான் இங்கே நான் எடுத்துக்கொள்ள விரும்பும் கேள்வி. நம் பக்கம் 'விசாரிப்பது' என்ற ஒரு வார்த்தை புழக்கத்தில் இருக்கிறது. ஜாதகம் பார்ப்பது வேறு, விசாரிப்பது வேறு. ஜாதகம் கிரகங்களைக் கேட்கிறது. விசாரிப்பு தெருமுனை மளிகைக் கடைக்காரரையும், ஆபீஸ் பியூனையும், பழைய வீட்டு ஓனரையும் கேட்கிறது. இப்போது கைபேசியையும் கேட்கிறது. யாரைப் பற்றி விசாரிக்கிறோமோ அவரை மட்டும் கேட்பதில்லை. இது ஏன் என்று நாம் யோசித்ததாகத் தெரியவில்லை.

முப்பதுகளின் பின்பாதியில் இருக்கும் எனக்கு இது வெறும் தத்துவப் பிரச்னை இல்லை. ஆனால் என் விஷயத்துக்கு வருமுன் ஒரு பழைய கதையை, விமர்சகன் ஒரு பிரதியைப் படிக்கிற மாதிரி, மெதுவாகப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

வேப்பூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணிக்கும் குறைவான தூரத்தில் விருத்தாசலம். பழைய பெயர் திருமுதுகுன்றம். இங்கே சுந்தரர் சிவனிடம் 12,000 பொன் பெற்றார் என்பதும், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பதும் பெரியபுராணக் கதை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நம் பாட்டிகள் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். நம்பிக்கைக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிற கதை இது. ஆனால் சேக்கிழார் ஒரு சின்ன விவரத்தை விடாமல் வைத்திருக்கிறார். பொன்னை ஆற்றில் போடுமுன் சுந்தரர் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். 'மச்சம்' என்று அதற்குப் பெயர். திருவாரூரில் பொன் கிடைத்ததும் மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தார், மாற்று குறைந்திருந்தது, மறுபடி பாடினார், சரியாயிற்று. திருவாரூரில் கமலாலயக் குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் என்று ஒரு பிள்ளையாரே இருக்கிறார்.

கடவுளிடமே மச்சம் வெட்டி வைத்துக்கொண்ட மனிதர் இவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பொன் விஷயத்தில் அது சரியான முறை. பொன்னின் ஒரு துண்டு முழுப் பொன்னையும் குறித்துப் பேச வல்லது. இங்கே மாற்று என்னவோ அங்கேயும் அதே.

மனிதர்களிடமும் நாம் மச்சம் வெட்டிப் பார்க்கிறோம். ஓட்டலில் தண்ணீர் கொண்டுவைக்கிற பையனிடம் எப்படிப் பேசுகிறார்? பஸ்ஸில் சில்லறை குறைந்தால் என்ன செய்கிறார்? தாயாரைப் பற்றிப் பேசும்போது குரல் எப்படி மாறுகிறது? இவை அர்த்தமில்லாதவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனிதன் பொன்னைப் போல ஒரே மாற்றாக இருப்பவன் இல்லை. சில்லறை விஷயத்தில் பெருந்தன்மையாக இருப்பவன் சொத்துப் பாகப்பிரிவினையில் எப்படி இருப்பான் என்று சில்லறை சொல்லாது.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைக்கிற வெள்ளைக் களிமண்ணில் அகல்விளக்கும் கொலுப் பொம்மையும் ப்யூஸ் கேரியரும் செய்கிறார்கள். சூளையிலிருந்து வெளியே வந்த சாமானைத் தட்டிப் பார்த்தால் கணீரென்று கேட்க வேண்டும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துக்கொள்ளும். சூளைக்குப் போகுமுன் எவ்வளவு தட்டினாலும் பிரயோசனம் இல்லை. பச்சை மண்ணுக்குச் சத்தமே கிடையாது. கலியாணத்துக்குமுன் நாம் தட்டிப் பார்ப்பது பெரும்பாலும் பச்சை மண்ணைத்தான். நாம் தெரிந்துகொள்ள விரும்புவது, 'இந்த மனிதர் என்னோடு இருபது வருஷம் இருந்தால் எப்படிப்பட்டவராக இருப்பார்' என்பதை. அப்படி ஒரு மனிதர் இப்போது எங்கும் இல்லை. அவர் உருவாவதில் எனக்கும் பங்கு இருக்கப்போகிறது. இல்லாத ஒருவரைப் பற்றி மளிகைக் கடைக்காரருக்கு என்ன தெரியும்?

3

சமூகம் இந்தச் சந்தேகத்துக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அதன் பெயர் சாட்சி.

பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகுதான் பெரியவர்கள் கலியாணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்கிறது தொல்காப்பியம், கற்பியலில். நம் இலக்கண நூல் ஒன்று கலியாணத்தின் தோற்றத்தை மங்கலத்தில் வைக்காமல் அவநம்பிக்கையில் வைத்திருப்பது கவனிக்கத் தக்கது. அகநானூற்றின் 256ஆம் பாட்டில் கள்ளூர் என்ற ஊரில் நடந்த ஒரு சம்பவம் வருகிறது. ஒரு பெண்ணை அனுபவித்தவன் அவளைத் தெரியவே தெரியாது என்று பொய்ச் சத்தியம் செய்கிறான். அவையோர் சாட்சிகளைக் கேட்டு உண்மை அறிந்து, அவனைக் கட்டிவைத்துத் தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். ஊர் ஆரவாரிக்கிறது. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று பாட்டு சொல்லவில்லை.

நம் காலத்திலும் வழக்கு சாட்சியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1920களின் கடைசியிலிருந்து நடந்துவந்தன. அப்படி நடந்த ஒன்று செல்லாது என்று 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967-ல் அண்ணாதுரை அரசு சட்டம் கொண்டுவந்தது: உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், ஒருவரையொருவர் கணவனாக மனைவியாக ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். 2023-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருமணம் ஊரறியப் பகிரங்கமாக நடந்தாக வேண்டும் என்றில்லை என்றது. அக்கினியிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து ஓரிரு நண்பர்களுக்கும் சாட்சி சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இது விடுதலையான விஷயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் சாட்சி, அக்கினியானாலும் வக்கீலானாலும், ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியும்: கலியாணம் நடந்ததா இல்லையா? இந்த மனிதரை நம்பலாமா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. வங்கியில் கடன் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் கடனைத் திருப்பித் தருவதாகச் சொல்லவில்லை. இன்னார் என் முன்னால் கையெழுத்திட்டார் என்று மட்டும் சொல்கிறார். தவணை தவறியபின் சாட்சியிடம் போய்ச் சண்டை போடுகிறவர்களை வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன்.

4

இனி அந்தப் பழைய கதை. அதுவும் சுந்தரர் கதைதான். பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் வருகிறது.

திருவாரூரில் பரவையாரோடு வாழ்கிற சுந்தரர் திருவொற்றியூருக்கு வந்து, கோயிலில் பூமாலை தொடுக்கும் சங்கிலியாரைப் பார்க்கிறார். அவளை எனக்குத் தர வேண்டும் என்று சிவனிடம் கேட்கிறார். சிவன் சங்கிலியாரின் கனவில் வந்து சொல்கிறார். சங்கிலியார் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை எடுத்துக்காட்டுகிறார்: அவர் திருவாரூரில் இன்னொருத்தியோடு மகிழ்ந்து வாழ்கிறவர், அதை எண்ணிப் பார்த்து அருள வேண்டும். கடவுள் சிபாரிசு செய்கிற மாப்பிள்ளையைப் பற்றி, கடவுளிடமே, கனவிலேயே, ஒரு பெண் கேட்கிற கேள்வி இது. நம் இலக்கியத்தில் கலியாணத்துக்குமுன் எழுந்த சந்தேகங்களில் இவ்வளவு சுத்தமான சந்தேகம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு ஆதாரம் இருக்கிறது. அது ஒளிந்து செயல்படவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டது. சரி, பிரிய மாட்டேன் என்று அவனைச் சத்தியம் செய்ய வைக்கிறேன் என்கிறார் சிவன்.

சுந்தரரிடம் வந்து இதைச் சொன்னதும் அவருக்குச் சங்கடம். அவர் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் பாடுகிறவர். ஒற்றியூரிலேயே தங்குவதாகச் சத்தியம் செய்வது எப்படி? நண்பர் என்ற உரிமையில் ஒரு உபாயம் கேட்கிறார்: நான் அவளோடு சன்னதிக்கு வந்து சத்தியம் செய்யும்போது, நீர் சன்னதியை விட்டு வெளியே மகிழ மரத்தடியில் இருக்க வேண்டும். சிவன் சம்மதிக்கிறார். சம்மதித்துவிட்டுச் சங்கிலியாரிடம் போய், சன்னதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் செய்யச் சொல் என்கிறார். மறுநாள் தோழிப் பெண்கள் அப்படியே கேட்கிறார்கள். சுந்தரர் திகைத்து, வேறு வழியில்லாமல், மகிழ மரத்தை வலம்வந்து சத்தியம் செய்கிறார். கலியாணம் நடக்கிறது. பின்பு வசந்தம் வருகிறது, திருவாரூர் நினைவு வருகிறது, ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார், இரண்டு கண்ணும் போகின்றன. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் ஒரு கண்ணும் திரும்பக் கிடைக்கின்றன. ஒற்றியூரில் விடப்பட்ட சங்கிலியாரோடு கதை தங்குவதில்லை. அது சுந்தரரின் பின்னாலேயே போய்விடுகிறது. திருவொற்றியூர்க் கோயிலில் அந்த மகிழ மரம் உண்டு. மாசியில் மகிழடி சேவை நடக்கிறது.

இரண்டு பக்கமும் போய்ப் பேசுகிற இந்தத் தரகு வேலையை பக்தர்கள் திருவிளையாடல் என்பார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. சுந்தரருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருடைய காரணம் நல்ல காரணம், பக்தி. மனசுக்குள் ஒரு விலக்கு வைத்துக்கொண்டு வார்த்தை கொடுக்கிற ஒவ்வொருவனிடமும் ஒரு நல்ல காரணம் இருக்கத்தான் செய்கிறது. அவர் பொய்ச் சத்தியம் செய்யக்கூட விரும்பவில்லை. கேட்பவருக்கு நிறைந்ததாகவும் தனக்கு மட்டும் காலியாகவும் தெரிகிற ஒரு சன்னதியை விரும்பினார். அவ்வளவுதான்.

சத்தியம் வாங்கியும் அவர் போய்விட்டாரே, சங்கிலியாரின் சந்தேகத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். சத்தியம் வருங்காலத்தைத் தெரிந்துகொள்ளும் கருவி என்றால் அது தோற்றுத்தான் போயிற்று. அது அந்த வேலைக்கு ஏற்பட்டதில்லை. சத்தியம் இல்லாமல் போயிருந்தால் அது ஒரு யாத்திரை. சத்தியத்துக்குப் பிறகு அது துரோகம். பின்னால் நடக்கப்போவதற்கு இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட ஒரு பெயரை முன்கூட்டியே வைப்பதுதான் சத்தியம். உரைகல் பொருளைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது. வார்த்தை செய்தி சொல்வதில்லை; கொடுத்தவனைக் கட்டுகிறது. விசாரிக்கிறவன் செய்தியைத் தேடுகிறான். சங்கிலியார் விசாரிக்கவில்லை, வார்த்தையைக் கேட்டார்.

5

இதற்கு நேர் எதிரான ஒருவரும் இருக்கிறார். கோபன்ஹேகனில் கீர்க்கெகார்ட் 1840 செப்டம்பரில் ரெகினே ஓல்சனோடு நிச்சயம் செய்துகொண்டார். 1841 அக்டோபரில் முறித்துக்கொண்டார். அவருக்கு ரெகினேயின் மேல் சந்தேகம் இல்லை. தன்மேல்தான். தன் மனச்சோர்வையும் தன் குடும்பத்து ரகசியங்களையும் அவளிடம் சொல்ல முடியாது, சொல்லாமல் கலியாணம் செய்வது ஏமாற்று என்று நினைத்தார். மகிழடிக்குக் கடவுளை அனுப்பிவிட்டுச் சத்தியம் செய்ய அவர் தயாராக இல்லை. அந்த அளவில் சுந்தரரைவிட நேர்மையானவர்.

ஆனால் அவரும் ஒரு பொய்க்கு இறங்கினார். அவளாக விட்டுவிட்டுப் போகட்டும் என்பதற்காக, ஈரமில்லாத அயோக்கியனைப் போல வேஷம் போட்டார். அவளுடைய நன்மைக்காக என்று நினைத்துக்கொண்டார். தன்னிடம் விசுவாசம் இருந்திருந்தால் ரெகினேயோடு இருந்திருப்பேன் என்று 1843-ல் நாட்குறிப்பில் எழுதினார். அவள் 1847-ல் வேறொருவரை மணந்தாள். அந்தக் கலியாணத்தில் அவளுக்கு எது தாங்கும் எது தாங்காது என்று அவர் அவளைக் கேட்கவேயில்லை என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது. அவளுக்காக அவரே தீர்மானித்தார். இவ்வளவு நுட்பமான மனசுக்கும், மளிகைக் கடையில் விசாரிக்கிற மாமாவுக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் இல்லை: இரண்டு பேரும் சம்பந்தப்பட்டவரிடம் கேட்பதில்லை.

6

சம்பந்தப்பட்டவரை விட்டுவிட்டு வேறெங்கோ கேட்கிற இந்தப் பழக்கத்தை எனக்கு வெளியில் வைத்து எழுதிக்கொண்டு போவது யோக்கியமாக இருக்காது. என் விஷயம் இதுதான்.

சில மாதங்களாக ஒருவரோடு எனக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுதப் போவதில்லை. நான்கைந்து முறை சந்தித்துப் பேசியிருந்தோம். எனக்குப் பிடித்திருந்தது, பிடித்திருந்ததனாலேயே பயமும் வந்தது. அவருக்கு எங்கள் கிளையில் கணக்கு உண்டு. ஒரு நாள் மாலை, கவுண்டர் மூடிய பிறகு, அவருடைய கணக்கைத் திரையில் திறந்து பார்த்தேன். வேலைக்குத் தேவையில்லாமல் ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் திறக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம். யார் திறந்தார், எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது கணினியில் பதிவாகும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஒரு நல்ல காரணமும் வைத்திருந்தேன்: வாழ்நாள் முழுவதற்குமான முடிவு, கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பதில் என்ன தவறு?

மாதாமாதம் ஒரு ஆண் பெயருக்கு ஒரே தொகை போயிருந்தது. அவ்வளவுதான் செய்தி. அடுத்த இரண்டு வாரத்தில் அந்தப் பெயருக்கு நான் வயசு கொடுத்தேன், முகம் கொடுத்தேன், அவரோடு ஒரு பழைய உறவு கொடுத்தேன். நாவல் எழுத வராது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இன்னும் ஏதாவது தெரிந்தால் சந்தேகம் தீரும் என்று நினைத்தேன். தெரியத் தெரிய அது வளர்ந்தது. எனக்கு உரிமையில்லாத வழியில் தெரிந்துகொண்ட ஒன்றைப் பற்றி அவரிடம் கேட்கவும் முடியவில்லை. உரைகல்லை நான் மாட்டக்கூடாத இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் விருத்தாசலத்தில் ஒரு ஓட்டலில் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார்: "என்னப் பத்தி ஏதாவது கேக்கணும்னா எங்கிட்டயே கேட்டுடுங்க. வெளியில விசாரிக்க வேண்டாம்." மகிழ மரம் எனக்கு முன்னாலேயே நின்றது. நான் சொன்னேன்: "கேக்க ஒண்ணுமில்லீங்க."

சந்தேகத்துக்கு ஆளானவர் அதுவரை ஒரு பொய்யும் சொல்லவில்லை. சந்தேகப்பட்டவன்தான் சொன்னான்.

சுந்தரர் கதையை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சங்கிலியார் பக்கம் உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன். நம்பலாமா என்று கேட்கிறவன் தன்னை எப்போதும் ஏமாற்றப்படக்கூடியவர்களின் வரிசையில்தான் வைத்துக்கொள்கிறான். தன் வார்த்தைக்கு மாற்று என்ன என்று அவனுக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. கலியாணத்துக்குமுன் வருகிற சந்தேகத்தை அடக்க வேண்டும் என்றோ, கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும் என்றோ நான் சொல்ல வரவில்லை. பரவையாரைப் பற்றி ஊருக்கே தெரிந்திருந்தபோது சங்கிலியார் கேட்காமல் இருந்திருந்தால் அது அசட்டுத்தனம். எதைக் கேட்டாலும், எதிராளிக்கும் அதே கேள்வியைக் கேட்கிற வாய்ப்பு உள்ள இடத்தில் நின்று கேட்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரிந்தது. விசாரிப்பின் சௌகரியம் அது ஒருவழிப் பாதையாக இருப்பது. அதன் ஒழுக்கக்கேடும் அதுதான்.

பத்து நாள் கழித்து அவரிடம் சொன்னேன். கணக்கைத் திறந்ததை, அந்தப் பெயரை, ஓட்டலில் சொன்ன பொய்யை. அவர் அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "இன்னும் யாரு யாரோடதெல்லாம் பாத்திருக்கீங்க?"

"யாரோடதும் இல்லீங்க" என்றேன். அது உண்மை. ஆனால் அது உண்மை என்று அவர் தெரிந்துகொள்ள என் வார்த்தையைத் தவிர வேறு வழி இல்லை. என் வார்த்தை ஏற்கனவே ஒரு முறை அவர் முன்னால் பொய்யாகியிருந்தது. இரண்டு வாரம் நான் அவரை நிறுத்தி வைத்திருந்த இடத்தில் இப்போது நான் நின்றேன். "யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

இருநூறு முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகையில் இதை எழுதுவதும் காலியான சன்னதியில் சத்தியம் செய்வது மாதிரிதான் என்று நண்பர்களில் யாராவது சொல்லக்கூடும். அதனால், கணக்கைத் திறந்ததை எங்கள் கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் இதை அனுப்புகிறேன். என்ன நடவடிக்கை வரும் என்று தெரியாது. அந்தப் பெயர் யாருடையது என்றும் எனக்கு இன்றுவரை தெரியாது; அவராகச் சொன்னால் தெரிந்துகொள்வேன். அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.